மில்லி கற்றுக்கொண்ட சுமார்

வீட்டில் வைத்த பெயர் வேறு. பட்டறையில் மில்லி என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். தராசுகளைப் பழுதுபார்த்து, அளவு சரிபார்த்து, முத்திரை போட அனுப்பும் பட்டறை அது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், நகைக்கடைத் தராசு ஒன்றை எல்லோரும் சரி என்று தலையாட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இவள் ஓடிப்போய் வண்டியை மறித்தாள். மூன்று மில்லிகிராம் பிசகுகிறதாம். மூன்று மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கொசுவின் எடை. "கொசுவுக்காக வண்டியை நிறுத்தினவ" என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கடைக்காரரே நேரில் வந்து, "அந்தப் பொண்ணு பாத்த தராசு மட்டும்தான் இனிமே எங்க கடைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு நின்றது. பெயர் நின்றுவிட்டது.

பதினோரு வருஷமாக அவள் அங்கேதான். எடைக்கல்லைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், இது தேய்ந்த கல்லா தேயாத கல்லா என்று சொல்லிவிடுவாள். இயந்திரம் அப்புறம்தான் சொல்லும். பீற்றிக்கொள்வதாக யாராவது நினைத்தால் பட்டறைக்குப் போய் ஒரு கல்லை நீட்டிப் பார்க்கலாம். எந்தக் கல்லூரியும் கொடுக்காத கை அது. தானே நின்று, தானே கற்று, தானே வாங்கிய கை.

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. சுமார். பள்ளிக்கூடத்தில் அவள் ரிப்போர்ட் கார்டில் கணக்கு சுமார், அறிவியல் சுமார், மொழி சுமார், நடத்தை கூடச் சுமார். மேலிருந்து கீழே ஒரே சொல். எழுதிய டீச்சருக்குக் கை வலித்திருக்காது. வீட்டுக்கு வந்தவர்கள் பெண் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால், அப்பாவும் கார்டைப் பார்க்காமலே "சுமாரா" என்பார். வேலைக்கு வந்த இடத்திலோ அது கெட்ட வார்த்தைக்குச் சமம். "அக்கா, இந்தத் தராசு சுமாரா சரியாத்தான் காட்டுது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "சுமார்னா எவ்வளவு? கிராம்ல சொல்லு!" என்று பிடித்துக்கொள்வாள். சொன்னவர் பதில் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டாள்.

இடையில் தபால்வழியில் ஒரு பட்டமும் வாங்கினாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, சமையலறை மேடையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்த பட்டம். யாருக்கும் சொல்லவில்லை. சான்றிதழ் வந்த அன்றைக்குத்தான் கணவருக்கே தெரியும். அவர் பஸ் டிரைவர். "நான் அஞ்சரைக்கு டிப்போவுக்குப் போன பின்னாடி நீ மறுபடி தூங்குறேன்னுல்ல நெனச்சேன்!" என்று வாய் பிளந்து நின்றார்.

இந்த நிலையில்தான் பட்டறைக்கு இரண்டாவது கிளை போடுவது என்று முதலாளி முடிவு செய்தார். ஏற்கனவே மேலாளர் என்று டை கட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். அதில் ஒருவர் டீ டம்ளரை நகைத் தராசின் தட்டில் வைத்துவிட்டு, "இது ஏன் ஓவர்லோடுன்னு காட்டுது?" என்று கேட்டவர். அவருக்குக் கீழே வேலை பார்த்து அலுத்துப் போயிருந்த மில்லி, இந்த முறை நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், புதுக் கிளையை என்கிட்டக் குடுங்க."

முதலாளி பேனாவை மூடிவைத்தார். "எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. பங்குதாரர்தான் ஒத்தக்கால்ல நிக்கிறார். நிர்வாகப் படிப்பு படிச்ச ஆள்தான் வேணுமாம்."

"வேலை பாத்துக்கிட்டே சனி, ஞாயிறு படிக்கிற கோர்ஸ் ஒண்ணு இருக்கே. அதுல சேந்தா?"

"சேந்துட்டாப் போதும், நான் பேசி முடிச்சுர்றேன். ஆனா அதுக்கு நுழைவுத் தேர்வு இருக்காமே. பயங்கரமா இருக்குமாம்."

"எவ்வளவு பயங்கரம்?" என்று கேட்டாள் மில்லி. அதற்கும் கிராம் கணக்கு வேண்டும் அவளுக்கு.

தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. கிளை திறக்க எட்டு மாதம். நேர்காணல் கிடையாது. மதிப்பெண்தான் எல்லாம். நூறு பேர் எழுதினால் எண்பத்தைந்து பேரைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் கிளை அவளுடையது. தாண்டாவிட்டால் மூன்றாவது டை வந்து நாற்காலியில் உட்காரும். விஷயம் அவ்வளவுதான்.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். கீழே காற்றடிக்கிற இயந்திரம் உறுமினால் மேலே கரும்பலகை நடுங்கும். பாடம் எடுக்கிற சாருக்கு வயது இருபத்து நான்கு. இவள் அவரை "சார்" என்பாள், அவர் இவளை "அக்கா" என்பார். பக்கத்து மேஜையில் ஒரு நர்ஸ். மற்றவர்கள் எல்லாம் கல்லூரியை முடித்த கையோடு வந்த பிள்ளைகள்.

முதல் நாளே சார் ஒரு மாதிரித் தேர்வை வைத்தார். "ஒண்ணுமே படிக்காம எழுதுங்க. நாம எங்க நிக்கிறோம்னு தெரியாம எந்தப் பக்கம் ஓடறது?" என்றார். மில்லிக்கு அது பிடித்திருந்தது. பழுதுபார்க்கும் முன்னால் தராசு எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வதுதானே முறை. கணக்குப் பகுதியில் இருபது கேள்வி, நாற்பது நிமிஷம். தப்பாக விடை போட்டால் மார்க் கழியும். மில்லி உட்கார்ந்து எழுதினாள். நேரம் முடிந்து மணி அடித்தபோது ஏழு கேள்வி முடித்திருந்தாள். ஏழும் சரி.

அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சார் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஏழும் சரி. ஆனா இந்த மார்க்குக்குக் கல்லூரி கேட்டைக்கூடத் திறக்கமாட்டாங்க. மூணாவது கேள்வியை ஏன் விட்டீங்க? அது சுலபமாச்சே?"

"விடல சார். அது தப்பான கேள்வி. நாலு விடையுமே தப்பு. தாளுக்குப் பின்னாடி புகார் எழுதியிருக்கேன் பாருங்க."

சார் தாளைத் திருப்பினார். உண்மையிலேயே புகார் இருந்தது, தேதியோடும் கையெழுத்தோடும். கேள்வி இதுதான்: விற்பனை 4,873லிருந்து 6,118 ஆனால், எத்தனை சதவீதம் உயர்வு? கொடுத்திருந்த விடைகள் 15, 26, 35, 48. மில்லி நாலரை நிமிஷம் வகுத்துக் கண்டுபிடித்தது 25.549.

"இருபத்தாறுன்னு போட வேண்டியதுதானே அக்கா?"

"இருபத்தாறு எப்படி சார் வரும்? இருபத்தஞ்சு புள்ளி அஞ்சு நாலு ஒம்பதுல்ல வருது?"

"அதான் சுமாரா இருபத்தாறு!"

வகுப்பு சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்தது. இந்தச் சொல்லிடமிருந்து தப்பித்து வர இருபது வருஷம் ஆகியிருந்தது. இங்கே, கரும்பலகைக்கு முன்னால், மறுபடி அதே சொல்.

"சார், எங்க தொழில்ல சுமார்னு சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க."

நர்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து, "மருந்து அளக்கிற நானே இவ்வளவு பாக்கறதில்ல அக்கா" என்றாள்.

"அடிப்பாவி! உன் ஆஸ்பத்திரி எதுன்னு சொல்லிடு. அந்தப் பக்கமே நான் வரல."

சிரிப்பில் அந்த நேரம் கடந்துபோனது. விஷயம் கடக்கவில்லை. அடுத்த நான்கு ஞாயிறும் அதே கதைதான். எட்டுக் கேள்வி, ஒன்பது கேள்வி, மறுபடி எட்டு. போட்டதெல்லாம் சரியாக இருக்கும். பாதிக்குமேல் பார்க்காமலே போகும்.

மற்ற வேலைகளில் அவள் யாருக்கும் சளைக்கவில்லை. வீட்டுப் பயிற்சியில் தப்பாகப் போன கணக்குகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டாள். பட்டறையில் ஒவ்வொரு தராசுக்கும் பதிவேடு உண்டு: என்ன குறை, என்ன காரணம், என்ன செய்து சரியானது, மறுசோதனை எப்போது. அதே நான்கு கட்டத்தைக் கேள்விகளுக்கும் போட்டாள். குறை: நேரம் தூரம் கணக்கு. காரணம்: மணியை நிமிஷமாக மாற்ற மறந்தது. மறுசோதனை: அடுத்த வியாழன். வியாழக்கிழமை அதே கேள்வியைத் திரும்பப் போட்டுப் பார்த்து, சரியாக வந்தால்தான் கோடு அடிப்பாள். மற்றவர்கள் மாதிரித் தேர்வை எழுதி, மார்க்கைப் பார்த்து, பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் இரண்டு மணி நேரம் எழுதிய தேர்வை மூன்று மணி நேரம் பிரித்துப் போட்டுப் பார்ப்பாள். சார் அந்த நோட்டை வாங்கி வகுப்பு முழுவதற்கும் காட்டினார். "நான் ரெண்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றதை அக்கா கட்டம் போட்டுச் செஞ்சிருக்காங்க" என்றார்.

வாசிப்புப் பகுதிக்குக் கணவர் துணைக்கு வந்தார். தினசரியில் வரும் நீளமான கட்டுரையை அவள் சத்தமாகப் படிப்பாள். அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். படித்து முடித்ததும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"சரி, அந்த ஆளு என்னதான் சொல்ல வர்றாரு?"

ஒரே வரியில் சொல்ல வேண்டும். இரண்டாவது வரிக்குப் போனால் அவர் மறுபடி காய் நறுக்கத் தொடங்கிவிடுவார்.

"வரி கூடாதுங்கிறார்."

"அதுக்கா இவ்வளவு சுத்து? நேர் ரூட்ல வந்திருந்தா ரெண்டு ஸ்டாப்புல முடிஞ்சிருக்கும்."

"இல்லங்க, நடுவுல ஒரு பத்தியில வரி வேணும்னு சொல்றவங்க பக்கமும் பேசறார்."

"அது பயணிகளை ஏத்திக்கிறதுக்கு. கடைசியில வண்டி எங்க போய் நிக்குது, அதைப் பாரு."

படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கலாம். அந்தச் சமையலறையில் அதற்கு ‘வண்டி எங்கே நிற்கிறது’ என்றுதான் பெயர். இரண்டு மாதத்தில் பத்துப் பத்திக்கு எட்டில் வண்டி நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தொடங்கினாள்.

ஆனால் கணக்குதான் மலை மாதிரி நின்றது. மூன்றாம் மாத முடிவில் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, வெளிப்படையா சொல்றேன். இப்படியே போனா நூத்துக்கு அறுபது பேரைத் தாண்டுவீங்க. அதுக்கு மேல முடியாது. உங்களுக்குக் கணக்குத் தெரியலன்னு இல்ல. ரொம்பத் தெரியுது, அதான் தொல்லை."

"அதுக்காகத் தப்பா எழுதச் சொல்றீங்களா சார்?"

"தப்பா இல்லக்கா. கிட்டத்தட்ட."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. கணவர் ஏன் என்று கேட்டதற்கு, துவைக்கிற துணி நிறைய இருக்கிறது என்றாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமை, ஊருக்கு வெளியே லாரிகளை நிறுக்கும் எடை மேடையைச் சரிபார்க்க அவளை அனுப்பினார்கள். அறுபது டன் தாங்குகிற மேடை. சோதனை எடைகளை ஏற்றி இறக்கி, எல்லாம் ஒழுங்கு என்று எழுதிய பிறகு, கடைசியாக ஒரு சுமை லாரியை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். டிரைவர் லாரியை மேடையில் நிறுத்தினார். எடை திரையில் வந்தது. அதற்குள் அவர் கதவைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவைக் கீழே நின்றவரிடம் நீட்டிவிட்டு, பதறிப்போய் இவளைப் பார்த்தார்.

"ஐயோ மேடம், டப்பாவை இறக்கிட்டேனே! மறுபடி எடை போடணுமா?"

மில்லிக்குச் சிரிப்பு வந்தது. "வேணாம்ணே. இந்த மேடை இருபது கிலோ, இருபது கிலோவாத்தான் எண்ணும். உங்க டப்பாவெல்லாம் இதுக்குக் கண்ணுக்கே தெரியாது."

"அப்போ நானே இறங்குனாலும் தெரியாதா?"

"நீங்க இறங்குனா தெரியும். நாலு எண்ணு குறையும்."

"தொப்பையைச் சொல்றீங்க!" என்று அவர் சிரித்தார். மில்லி சிரிக்கவில்லை. கையில் இருந்த அட்டை அப்படியே நிற்க, திரையைப் பார்த்தபடி நின்றாள்.

இந்த மேடையை மில்லிகிராம் கல் வைத்து அவள் ஒருநாளும் சோதித்ததில்லை. யாராவது அப்படிச் சோதித்தால் தலையில் குட்டியிருப்பாள். நகைத் தராசுக்கு ஒரு பிடி, காய்கறித் தராசுக்கு ஒரு பிடி, லாரி மேடைக்கு ஒரு பிடி. எவ்வளவு பிசகலாம் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த அளவு உண்டு. பதினோரு வருஷமாக அதை அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று முதலில் பார், அப்புறம் கல்லை எடு. 15, 26, 35, 48. விடைக்கும் விடைக்கும் நடுவே ஒன்பது, பத்து. இது லாரி மேடை. இதன்மேல் அவள் கொசுவை நிறுத்துக்கொண்டிருந்தாள்!

பையிலிருந்து கேள்வித் தாளை எடுத்து, எடை மேடையின் சின்ன அறையில் நின்றபடியே பார்த்தாள். 4,873 என்பது ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உயர்வு ஆயிரத்து இருநூற்றைம்பதை ஒட்டி. அதாவது கால் பங்குக்குச் சற்று மேலே. இருபத்தாறு. பத்து நொடிகூட ஆகவில்லை. சுமார் என்பது தெரியாதவன் சொல்லுகிற மழுப்பல் இல்லை. எவ்வளவு தேவை என்று தெரிந்தவன் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது. ரிப்போர்ட் கார்டில் எழுதிய டீச்சருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த ஞாயிறு ஏழரைக்கே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சார் சாவியோடு வந்தார்.

"சார், ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல விடையைத்தான் பாக்கணும், கேள்வியை இல்ல."

"என்னக்கா, காப்பியடிக்கவா?"

"இடைவெளி பாக்க சார். விடைக்கும் விடைக்கும் தூரம் அதிகமா இருந்தா அது லாரிக் கணக்கு. கிட்டக்கிட்ட இருந்தா, பதினேழு புள்ளி ரெண்டு, பதினேழு புள்ளி நாலுன்னு வந்தா, அது தங்கக் கணக்கு. லாரிக் கணக்கை வேகமாப் போட்டுட்டு வரணும். தங்கத்தைக் கடைசிக்கு வெச்சுக்கணும். அதுக்குத்தான் நேரம் பிடிக்கும்."

சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவி அவர் கையிலேயே இருந்தது. "இதை நானும் சொல்லித்தான் தர்றேன். ஆனா இப்படி ஒருத்தரும் மனசுல ஏத்திக்கல" என்றார். அன்றைக்கு மாதிரித் தேர்வில் மில்லி பதினாலு கேள்வி போட்டாள். பதின்மூன்று சரி. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்று தப்பாகப் போனதற்கு அவள் வருத்தப்படவில்லை என்று நர்ஸ் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாராவது ஒரு கணக்கில் மூழ்கிக் கிடந்தால், பின் மேஜையிலிருந்து குரல் வரும்: "லாரியா தங்கமா, பாத்தியா?"

தேர்வு நாள். பெரிய கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், குளிரூட்டிக் காற்று. திரையின் மூலையில் கணக்குப்போடுகிற கால்குலேட்டரும் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் அதைத் தட்டித் தள்ளினார். மில்லி வாசிப்புப் பகுதியை நிதானமாக முடித்தாள். கணக்குப் பகுதி திறந்ததும் முதலில் வந்ததே ஓர் அட்டவணையும் நான்கு கேள்விகளும். விடைகளைப் பார்த்தாள். 17.2, 17.4, 17.6, 17.8. நாலு கேள்வியும் தங்கம்.

விரல் கால்குலேட்டரை நோக்கிப் போனது. எடுத்த தராசை முடிக்காமல் கீழே வைத்துப் பழக்கமில்லாத விரல். அதை மற்றக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டாள் என்றே சொல்லலாம். அடுத்த பக்கம் போனாள். லாரி, லாரி, தங்கம், லாரி. பதிமூன்று கேள்விகளை முடித்துவிட்டு, ஒன்பது நிமிஷம் மீதம் வைத்து, முதல் அட்டவணைக்குத் திரும்பி வந்தாள். இரண்டைத் துல்லியமாகப் போட்டாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினாள். நேரம் இரண்டு நிமிஷம் இருந்தது. தெரியாமல் ஒன்றைத் தட்டிவிடலாம்தான். தட்டவில்லை. வெற்றாக விட்ட இடங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூடத்தில் கடைசி ஒரு நிமிஷம் கைகட்டி உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

முடிவு வந்த அன்று பட்டறையில் முதலாளியும் பங்குதாரரும் இருந்தார்கள். முதலாளியின் கம்ப்யூட்டரிலேயே பார்த்தார்கள். நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேரைத் தாண்டியிருந்தாள். தபால்வழிப் படிப்பு, சமையலறை மேடை, டயர் கடை மாடி. இவற்றை வைத்துக்கொண்டு தொண்ணூற்றிரண்டு! முழுநேரமும் படிப்பே வேலையாக இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அவளுக்குப் பின்னால் நின்றார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பங்குதாரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். எண் மாறவில்லை.

"சரி, ஒத்துக்கறேன். கிளை உங்களுக்குத்தான்" என்றார். அவர் அவளை ‘உங்களுக்கு’ என்றது அதுதான் முதல் தடவை.

"நன்றி சார். ஆனா ஒரு விஷயம். சனி, ஞாயிறு எனக்கு வகுப்பு. அந்த ரெண்டு நாள் நான் கிளைக்கு வரமாட்டேன். அதையும் நியமனக் கடிதத்துல எழுதிக் குடுத்துருங்க."

"சனிக்கிழமையா?" பங்குதாரர் நிமிர்ந்தார். "அன்னைக்குத்தானே நமக்கு வேலையே அதிகம்! சனிக்கிழமை கிளையை யாரு பாத்துக்கறது?"

மில்லி கடிதத்துக்குக் கையை நீட்டியபடி சொன்னாள்:

"அதை மேலாளர் முடிவு பண்ணுவாங்க சார்."